புற்றுநோய்ச் சிகிச்சையில் உடற்பயிற்சியின் பங்கு

கேரளத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி, பாறசாலைக்கு அருகே அமைந்துள்ளது காரோடு. இப்பகுதியினர் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் திருவனந்தபுரத்திலுள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்தை நாடுகின்றனர். மத்திய அரசும் கேரள அரசும் இணைந்து 1981-ல் நிறுவிய மையம் அது. அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகிய மூவகைச் சிகிச்சையும் அங்குக் கிடைக்கின்றன. ஆனால், சிகிச்சை பெற்று வீடு திரும்புபவருக்கு உற்றார் பெரும்பாலும் கூறும் அறிவுரை, "அசையாமல் படுத்திருங்கள்" என்பதே. அன்பினால் எழும் இவ்வறிவுரை நோயாளிக்கு நன்மை பயக்குமா என்பது ஆராயத் தக்கது.

ஓய்வு தேவையே. எனினும், நெடுநாள் படுக்கையில் கிடந்தால் தசைகள் மெலிகின்றன. இதயமும் நுரையீரலும் திறன் இழக்கின்றன. சோர்வு மேலும் பெருகுகிறது. அளவான உடற்பயிற்சி சிகிச்சைக்காலச் சோர்வையும் மனக்கலக்கத்தையும் குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

நோய்த் தடுப்பாற்றலுக்கும் உடற்பயிற்சிக்கும் தொடர்பு உண்டு. உடல் உழைக்கும்போது அட்ரினலின் சுரப்பு மிகுகிறது. அதனால், புற்றணுக்களை அழிக்கவல்ல ஒருவகை வெள்ளணுக்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. சக்கரத்தில் ஓடிய எலிகளின் கட்டிகளுக்குள் இவ்வணுக்கள் மிகுதியாகப் புகுந்ததையும், கட்டிகளின் வளர்ச்சி குன்றியதையும் டென்மார்க் அறிவியலாளர் 2016-ல் வெளியிட்டனர். எலிகளிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிடலாகாது.

மனிதரிடம் நிகழ்ந்த முக்கியமான ஆய்வின் முடிவு 2025-ல் வெளிவந்தது. கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட ஆறு நாடுகளில், அறுவையும் மருந்துச் சிகிச்சையும் முடித்த 889 பெருங்குடல் புற்றுநோயாளர்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் மூன்றாண்டுகள் பயிற்சியாளரின் வழிகாட்டுதலில் உடற்பயிற்சி செய்தனர்; மறு பிரிவினர் உடல்நலக் கையேடுகளை மட்டும் பெற்றனர். எட்டாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் முதற்பிரிவில் 90.3 சதவீதம், இரண்டாம் பிரிவில் 83.2 சதவீதம். தசை, மூட்டுக் காயங்கள் பயிற்சி செய்தோரிடம் சற்று மிகுதியாக இருந்தன என்பதையும் மறத்தலாகாது.

இப்பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி நேர விரைவு நடை பலருக்குப் போதுமானது. தொடக்கத்தில் பத்து நிமிடம் நடந்து, படிப்படியாகக் கூட்டலாம். மார்பக அறுவை செய்துகொண்டோருக்குக் கைப்பயிற்சியும், வாய்ப்புற்றுநோயாளருக்கு வாயைத் திறக்கும் பயிற்சியும் இன்றியமையாதவை. காய்ச்சல், கடும் இரத்தசோகை, இரத்தத் தட்டணுக் குறைவு, எலும்பில் பரவிய நோய் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றிப் பயிற்சி தொடங்கலாகாது. உடற்பயிற்சி சிகிச்சைக்குத் துணையே அன்றி மாற்று அன்று.

கேரள அரசு 2008-ல் நோய்த்தணிப்புக் கொள்கையை அறிவித்தது. ஊராட்சிகளின் ஆதரவில் செவிலியர் நோயாளியின் வீடு தேடிச் செல்லும் முறை அங்கு வேரூன்றியுள்ளது. மருந்தும் புண் பராமரிப்பும் அளிக்கும் அச்செவிலியருக்கு, மருத்துவர் வகுத்த பயிற்சியைக் கற்றுக்கொடுக்கவும் கண்காணிக்கவும் பயிற்சி அளித்தல் எளிது, செலவும் குறைவு. நோயாளியின் கையைப் பற்றி முற்றத்தில் நாலடி நடக்கச் செய்யக் குடும்பத்தாரும் முன்வருவராயின், பெருநகர மருத்துவமனையில் தொடங்கிய சிகிச்சை சிற்றூரிலும் தொடரும்.