வீட்டுல இருந்து பார்த்தாலும் வேலை வேலைதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வீட்டுல உக்காந்துக்கிட்டே கம்ப்யூட்டர்ல என்னமோ வேலை பாக்காளாமே, அது என்னன்னு வந்து சொல்லச் சொல்லுங்க" என்று போன கூட்டத்தில் பல பேர் கேட்டிருக்கீங்க. தலைவி அக்கா சொன்னாங்க. அதனால பெரிய பேச்செல்லாம் இல்லாம, இந்தத் தொழில் என்ன, எப்படிச் செய்றது, எங்கே ஏமாறாம இருக்கணும், இதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன்.

இந்தத் தொழிலுக்குப் பேரு வெர்ச்சுவல் அசிஸ்டென்ட். ஒரு வியாபாரியோட ஆபீஸ் வேலையை, அந்த ஆபீசுக்குப் போகாம, நம்ம வீட்டுல இருந்தே பார்த்துக் கொடுக்கிறது. சங்கரன்கோவில்ல விசைத்தறிச் சேலை யாவாரம் செய்றவருக்கு ஒரு நாளைக்கு வாட்ஸ்அப்ல நூறு பேர் கேட்பாங்க. யார் எந்த நிறம் கேட்டாங்க, யாருக்கு அனுப்பியாச்சு, யார் பணம் பாக்கி என்று பட்டியல் போட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேணும். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரருக்குப் பில் போட ஆள் வேணும். துபாய்ல, சிங்கப்பூர்ல கடை வைத்திருக்கும் நம்ம ஆட்களுக்கு இமெயில் பார்க்க, டிக்கெட் போட, தமிழ்ல டைப் அடிக்க ஆள் வேணும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னாடி. ராத்திரி முழிக்க வேண்டியதே இல்லை.

"எங்களுக்கு அவ்வளவு படிப்பு எங்கே இருக்கு?" என்று சில பேர் நினைக்கலாம். நான் ஒண்ணு கேட்கிறேன். நம்ம குழுக்களுக்குப் பஞ்ச சூத்திரம் என்னென்ன? முறையா கூட்டம், முறையா சேமிப்பு, முறையா உள்கடன், தவணை தவறாம திருப்பிக் கட்டுறது, கணக்குப் பதிவேடு சரியா எழுதுறது. தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் வருஷக்கணக்கா எழுதுற ஊக்குநருக்கு இந்தத் தொழிலோட பாதி ஏற்கெனவே தெரியும். சொன்னதைக் குறித்துக்கொள்வது, குறித்ததைத் தேதி தவறாமல் செய்வது, செய்ததற்குக் கணக்குக் காட்டுவது, இதுதான் வேலை. மிச்சம் இருக்கிறது இமெயில், எக்செல், தமிழ் டைப்பிங். அது இரண்டு மூணு மாசப் பழக்கம்.

வீட்டுல இருந்து பெண்கள் இப்படித் தொழில் செய்வது நேற்று வந்த சங்கதியும் இல்லை. 1962இல் இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷர்லி என்ற பெண், கையில் 6 பவுண்டை வைத்துக்கொண்டு, தன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் கம்பெனி தொடங்கினார். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வேலையை விட்ட படித்த பெண்களைச் சேர்த்துக்கொண்டார். முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள். எல்லாரும் அவரவர் வீட்டில் இருந்தே வேலை. கன்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராமையே இப்படி வீட்டுல இருந்த பெண்கள்தான் எழுதினாங்க. ஸ்டெஃபனி என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினால் பதில் வரவில்லை என்று, ஸ்டீவ் என்று ஆம்பளைப் பேரில் கையெழுத்துப் போட்டார். போன் பேசும்போது பிள்ளைச் சத்தம் கேட்காமல் இருக்க, டைப் அடிக்கும் சத்தத்தைப் பதிவு செய்து ஓட விடுவாராம். "வீட்டுல இருக்கிறவதானே" என்ற இளக்காரம் அங்கேயும் இருந்திருக்கு, பாருங்க.

அவர் செய்த இன்னொரு காரியம் நமக்கு முக்கியம். எத்தனை மணி நேரம் உழைத்தோம் என்று கணக்குக் கொடுக்காமல், இந்த வேலைக்கு இவ்வளவு என்று முன்னாடியே விலை சொன்னார். பகுதி நேரமா செய்றாங்களா, சமையலுக்கு நடுவுல செய்றாங்களா என்ற கேள்விக்கே இடம் இல்லை.

அந்த விலையை எப்படிப் போடுறது? ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். உங்களுக்கு மாசம் 8,000 ரூபாய் கையில் நிற்கணும். இன்டர்நெட்டுக்கு 600, கரண்டுக்கு 200, லேப்டாப் தேய்மானத்துக்கு 1,000. ஆக 9,800 வரணும். ஒரு நாளைக்கு 3 மணி நேரம், 25 நாள், மொத்தம் 75 மணி நேரம் உட்காருறீங்க. 9,800ஐ 75ஆல வகுத்தா மணிக்கு 131 ரூபாய். பல பேர் இதோட நிறுத்திடுவாங்க. ஆனா 75 மணியும் காசு வருகிற நேரம் இல்லை. விவரம் கேட்கிறது, திருத்துறது, பில் போடுறது, பாக்கி கேட்கிறது என்று 25 மணி போயிடும். காசு வருகிறது 50 மணிக்குத்தான். 131 ரூபாயில் 50 மணி என்றால் 6,550. செலவு 1,800 போனா மிச்சம் 4,750. எட்டாயிரம் எங்கே, இது எங்கே? அதனால 9,800ஐ 50ஆல வகுக்கணும். 196, அதாவது 200 ரூபாய். இந்த மணிக்கணக்கு நம்ம நோட்டுக்குள்ள இருக்கட்டும். ஒரு வேலைக்கு 4 மணி ஆகும்னா, வாடிக்கையாளரிடம் "இதுக்கு 800 ரூபாய்" என்று வேலைக்கு விலை சொல்லுங்க.

அடுத்தது நேரம். வீட்டுல இருந்து செய்தா நமக்கே நேரம் நமக்குக் கிடைக்காது. "சும்மாதானே உக்காந்திருக்கே, இந்தச் சிலிண்டரை வாங்கி வை", "மதினி வந்திருக்காங்க, ஒரு காப்பி போடு". கைத்தறியோ, பீடியோ, தையலோ, வீட்டுக்குள்ள வேலை பார்த்த எல்லாப் பொம்பளைக்கும் இது தெரியும். எங்க வீட்டுல காலையில் 10 முதல் 1 மணி வரை என் வேலை நேரம் என்று காலண்டர் பக்கத்துல எழுதி ஒட்டியிருக்கேன். முதல் மாச வருமானத்தை எங்க அத்தை கையிலதான் கொடுத்தேன். அதுக்கப்புறம் பத்து மணிக்கு யார் கூப்பிட்டாலும், "அவ வேலையில இருக்கா, ஒரு மணிக்கு வாங்க" என்று அத்தையே சொல்லிடறாங்க. அந்த ஒரு வாக்கியம் வீட்டுல வந்துட்டா பாதித் தொழில் நின்னுடுச்சுன்னு அர்த்தம்.

வாடிக்கையாளருக்கும் நேரம் தெரியணும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைய வேலையை முதல் நாளே முடிங்க, இல்லாட்டா முன்னாடியே சொல்லிடுங்க. ஆவணித் தபசுக்கு நம்ம கரிவலத்துல வேலை ஓடாது என்றால், ஆடியிலேயே சொல்லி வைங்க. முன்னாடி சொன்னா அது லீவு. அப்புறம் சொன்னா அது சாக்கு.

மூணாவது நம்பிக்கை. ஒரு வியாபாரியோட இமெயில், அவர் வாடிக்கையாளர்களின் போன் நம்பர், பாக்கிக் கணக்கு எல்லாம் நம்ம கைக்கு வரும். அதை அடுத்த வீட்டுல பேசக்கூடாது, இன்னொரு வியாபாரிக்குக் கொடுக்கக்கூடாது. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே நிறைவேறியிருக்கு. அவருடைய பாஸ்வேர்டை வாங்காதீங்க. நமக்கென்று தனி லாகின் போட்டு, தேவையான அளவு மட்டும் அனுமதி தரச் சொல்லுங்க. நெட் பேங்கிங் பாஸ்வேர்டும் ஓடிபியும் அவரே கொடுத்தாலும் வேண்டாம். நம்ம குழுக் கணக்குல ஒருத்தர் கையெழுத்துல பணம் எடுக்க முடியாது, இல்லையா? ஒருத்தர் மேலே ஒருத்தருக்குச் சந்தேகம் இருப்பதால் இல்லை, சந்தேகம் வராமல் இருக்கத்தான். இங்கேயும் அதே நியாயம்.

இப்போ ஏமாத்துக்காரங்களைப் பற்றி. இதை எல்லாரும் கவனமா கேளுங்க, இந்த வேலைக்கு வராதவங்களும் கேளுங்க. "வீட்டுல இருந்தே டேட்டா என்ட்ரி, மாசம் முப்பதாயிரம், பதிவுக் கட்டணம் இரண்டாயிரம்" என்று வந்தா, அது வேலை இல்லை. வேலை கொடுப்பவர் நமக்குத்தான் பணம் தரணும், நம்மிடம் கேட்கக்கூடாது. சில பேர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிட்டு, "தப்பு வந்துடுச்சு, அபராதம் கட்டு, இல்லாட்டா வக்கீல் நோட்டீஸ்" என்று மிரட்டுவாங்க. பயந்து பணம் கட்டாதீங்க. இன்னும் மோசமானது ஒண்ணு: "உங்க வங்கிக் கணக்குல பணம் வரும், கமிஷன் எடுத்துட்டு மீதியை மாற்றி விடுங்க" என்பது. அது அடுத்தவங்களிடம் திருடின பணமா இருக்கும். போலீஸ் முதல்ல கணக்கு யார் பேரில் இருக்கு என்றுதான் பார்க்கும். பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டு மூடி வைக்காம உடனே 1930க்குப் போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வழி உண்டு.

உழைத்த காசு கைக்கு வரவும் ஒரு வழி இருக்கு. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவு என்று இருக்கு. ஆதார், பான் இருந்தா ஆன்லைன்ல இலவசமா செய்யலாம். யாராவது காசு கேட்டா அது அவர் கூலிதான், அரசுக் கட்டணம் இல்லை. இந்தப் பதிவு இருக்கிற குறுந்தொழிலுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாகணும். ஒப்பந்தமே இல்லாட்டா 15 நாள். தாமதமானா ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி. தராவிட்டால் ஆன்லைன்ல புகார் கொடுக்கலாம். உள்நாட்டு வாடிக்கையாளருக்குத்தான் இது செல்லும். அதனால வேலை தொடங்கும் முன்னாடியே பதிவு செய்ங்க. ஒரு வெளியூர் வியாபாரி எனக்கு மூணு மாசப் பணத்தை இழுத்தடித்தார். பதிவு எண்ணையும் 45 நாள் விதியையும் போட்டு ஒரு கடிதம் அனுப்பினேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை, பத்து நாளில் பணம் வந்துச்சு. வருஷ வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அதையும் தெரிந்துகொள்ளுங்க.

கடைசியா, கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தொழிலின் பெரிய பலவீனம், ஒரே ஆளா செய்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா வேலை நிற்கும். இரண்டு தடவை நின்றால் வாடிக்கையாளர் போயிடுவார். வெளியில ஒற்றையா செய்றவங்களுக்கு இதுக்கு வழி கிடைக்கிறது கஷ்டம். நமக்கு இருக்கு. ஒரு குழுவில் இரண்டு பேர் சேர்ந்து ஒரே வாடிக்கையாளரின் வேலையைக் கற்றுக்கொள்ளலாம். ஒருத்தி வராத நாளில் இன்னொருத்தி பார்ப்பாள், காசை வேலைப்படி பிரிப்பாங்க, கணக்கு நோட்டுல இருக்கும். லேப்டாப்புக்கு உள்கடன் கொடுப்போம், ஒரே லேப்டாப்பை இரண்டு பேர் நேரம் பிரித்து உபயோகிக்கட்டும். 1989இல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, தனியா கிடைக்காத கடனைச் சேர்ந்து வாங்கலாம் என்றுதானே தொடங்கினாங்க? தனியா கிடைக்காத நம்பிக்கையையும் சேர்ந்து வாங்கலாம்.

நம்ம மாவட்டத்திலேயே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ கம்பெனி சாஃப்ட்வேர் வேலை நடத்துது. கிராமத்தில் இருந்து உலக வேலை பார்க்க முடியும் என்று அவங்க காட்டிட்டாங்க. ஆனா அங்கே தினமும் போய்வர முடியாத நம்ம மாதிரி பெண்கள் எத்தனை பேர் இருக்கோம்? நமக்கு நம்ம வீட்டுத் திண்ணையே ஆபீஸ்.

விருப்பம் இருக்கிறவங்க உங்க ஊக்குநரிடம் பேர் கொடுங்க. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் நான் சொல்லித் தரத் தயார். பேரை ஒத்தையா கொடுக்காதீங்க, ஜோடியா கொடுங்க.