மாதவ மேனனும் ஏழையின் வழக்கும்
(மணப்பாடு கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடலுக்குப் போகிறவரானாலும், ஆலையில் நூல் நூற்பவரானாலும், வயலில் கூலிக்கு இறங்குபவரானாலும் நாம் கோர்ட்டுப் படி ஏற அஞ்சுகிறோம். வக்கீலுக்குப் பணம் எங்கே? இந்தக் கேள்வியைச் சட்டக் கல்லூரிக்குள் கொண்டு போனவர்களில் ஒருவர் பேராசிரியர் என். ஆர். மாதவ மேனன்.

1935-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். டில்லிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் போதித்தபோது, ஏழைகளின் வழக்கைக் கேட்டு உதவும் வேலையில் மாணவர்களை இறக்கினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நம் புதுச்சேரிச் சட்டக் கல்லூரிக்கும் முதல்வராக இருந்தார். பிறகு பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியை நிறுவி, ஐந்தாண்டுப் படிப்பை வேரூன்றச் செய்தார். அடுத்து கல்கத்தாவில் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். 2019-ல் மறைந்தார்.

அவருடைய உழைப்பை மதிக்கிறோம். ஆனால் விளைந்தது என்ன? அந்தப் பள்ளிகளின் கட்டணம் ஏறிற்று; படித்தவர்களில் பலர் பெருங்கம்பெனிகளுக்கு யோசனை சொல்லப் போய்விட்டார்கள். முதலாளிக்கு வக்கீல் பஞ்சம் என்றைக்கு இருந்தது?

சட்டத்தில் நமக்கும் ஒரு பிடி உண்டு. 1987-ம் வருடத்திய சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-வது பிரிவு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோர் வருமானக் கணக்குக் காட்டாமலே இலவச வக்கீல் கேட்கலாம். மற்ற மீனவருக்கும் விவசாயக் கூலிக்கும் வருமான வரம்பு உண்டு; அதற்குள் இருந்தால் அவர்களும் கேட்கலாம். மனுவை மாவட்டக் கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலே போதும், அங்குள்ளவர்கள் எழுதிக்கொள்வார்கள்.