கையடக்க வானொலியும் கேளாத காதும்



வைகாசித் திங்கள் பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்துக்கு உறக்கம் இராது. வரதராசப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவை. விடியற்காலையில், இருள் முற்றும் விலகுமுன்னரே, பெருமாள் கருடன்மீது கோபுர வாயிலில் எழுந்தருளும்போது சன்னிதித் தெரு முழுவதும் தலைகளாகவே தோன்றும். அக்கூட்டத்திற்கு நீரும் மோரும் வழங்கும் தொண்டர் குழு ஒன்றில் நானும் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற காரணத்தால், குழுவினர் சில ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய ஆறு வாக்கி டாக்கிகளை என் பொறுப்பில் விட்டார்கள். அந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு நான் செய்த பிழையையும், அதற்குரிய பௌதிகத்தையும் மாணவர்களாகிய உங்களிடம் சொல்வதற்காகவே இன்று வந்திருக்கிறேன்.

கைப்பேசி இருக்கும்போது இக்கருவி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கைப்பேசி தானே பேசுவதில்லை. கோபுரத்தின் தயவை நாடிப் பேசுகிறது. 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை நிகழும் அத்திவரதர் தரிசனம் இதே கோயிலில் நாற்பத்தெட்டு நாட்கள் நடைபெற்றது. நாளொன்றுக்கு இலட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். அத்தனை பேரும் ஒரே வேளையில் பேச முற்பட்டால் எந்தக் கோபுரமும் திணறத்தான் செய்யும். வாக்கி டாக்கிக்குக் கோபுரம் வேண்டுவதில்லை. பொத்தானை அழுத்தினால் பேச்சு; விட்டால் கேள்வி. ஒருவர் சொல்வதைக் குழுவினர் அனைவரும் ஒருங்கே கேட்கலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினர் கையில் ஏந்திய கருவிக்கு ஒரே ஒரு பாதைதான் இருந்தது. அதனுள் இருந்த குவார்ட்ஸ் படிகம் எந்த அதிர்வெண்ணில் துடிக்குமோ அதுவே அதன் பாதை. பாதையை மாற்ற வேண்டுமாயின் படிகத்தையே மாற்ற வேண்டும். இன்றைய கருவியில் ஒரே படிகத்தின் துடிப்பிலிருந்து வேண்டிய அதிர்வெண்களையெல்லாம் மின்சுற்று தானே ஆக்கிக்கொள்கிறது. எந்த எண்ணுக்கு எந்த அதிர்வெண், எவ்வளவு ஆற்றல் என்பதைக் கணிப்பொறியிலிருந்து ஒரு கம்பி வழியாகக் கருவியின் நினைவில் எழுதிவிடுகிறார்கள். இதுவே சானல் அமைத்தல், அல்லது புரோகிராம் செய்தல்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. தறியின்மேல் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, இந்த இழை எழுக, இந்த இழை கிடக்க என்று ஆணையிடுகின்றன. அன்னமோ மாங்காயோ தறியில் இல்லை, அட்டையில் இருக்கிறது. அட்டையை மாற்றினால் அதே தறி வேறு சேலை நெய்யும். வானொலியிலும் அவ்வாறே. ஆனால் ஒரு வேறுபாடு: தறியில் தவறான அட்டை ஏறினால் சேலைதான் கெடும்; வானொலியில் தவறான எண் ஏறினால் அயலாரின் பாதையில் நாம் போய் நிற்போம். அது காவல் துறையின் பாதையாகவும் இருக்கலாம்.

ஆதலால் சட்டம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. பொதுவாக இத்தகைய கருவிக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். 2018-ஆம் ஆண்டு விதிகள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஒரு குறுகிய பட்டையில் மட்டும், குறைந்த ஆற்றலுடைய, ஒப்புதல் பெற்ற கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த இடமளித்தன. 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விட்டுப் பிரித்தால் அதில் பதினாறு சானல்கள் கிடைக்கும். எங்கள் கருவிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

பதினாறே பாதைகள், பயன்படுத்துவோரோ பலர். அயலார் பேச்சு நம் காதில் ஓயாமல் விழுந்தால் வேலை நடவாது. இதற்குப் பரிகாரமாக வந்ததே 'பிரைவசி டோன்' என்று கருவிப் பெட்டியின்மேல் அச்சிடப்படும் மெல்லொலி. நாதசுவரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். இராகம் எப்படிப் போனாலும் ஒத்து ஒரே சுருதியில் அடியில் நின்றுகொண்டிருக்கும். அதுபோல நாம் பேசும் நேரமெல்லாம் 67 ஹெர்ட்ஸ் முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஏதேனும் ஒரு தாழ்ந்த சுருதியை நம் கருவி குரலோடு சேர்த்து அனுப்புகிறது. கேட்கும் கருவி முதலில் அந்தச் சுருதியைத் தேடும். தனக்குக் குறித்த சுருதி இருந்தால் ஒலிபெருக்கியைத் திறக்கும். இல்லையேல் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வடிகட்டிவிட்டே குரலை வெளியிடுவதால், ஒத்து ஊதப்படுவதே நமக்குத் தெரியாது. ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பன்னிரண்டாம் டோன், பதினைந்தாம் டோன் என்று எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் வரிசைப்படி எண் இடக்கூடும். ஹெர்ட்ஸ் அளவையே ஒப்பிட வேண்டும்.

எங்கள் கருவிகள் யாவும் முதற் சானலில் இருந்தன. அவற்றிற்கு 100 ஹெர்ட்ஸ் டோன் அமைத்து, "இனி இது நமக்கே உரிய பாதை, பிறர் தொல்லை இராது" என்று குழுவினரிடம் பெருமையோடு சொன்னேன். கருட சேவை முடியும்வரை ஒரு தொல்லையும் இல்லை. மோர்ப் பானை காலி என்பதும், பனிக்கட்டி வந்துவிட்டது என்பதும், இடையிடையே சிறிது நகைச்சுவையுமாகக் காலை கழிந்தது.

மறுநாள் தெருமுனையில் குடியிருக்கும் முதிய நெசவாளர் ஒருவர் என்னை நிறுத்தினார். "வாத்தியார் ஐயா, நேற்று மோர்ப் பானை மூன்று முறை காலியாயிற்றாமே?" என்றார். நான் திகைத்தேன். அவருடைய பேரன் கையில் இதே வகைக் கருவி ஒன்று இருந்தது. அதில் டோன் ஏதும் அமைக்கப்படவில்லை. டோன் கேட்காத கருவி எல்லாவற்றையும் கேட்கும். காணாமற்போன ஒரு சிறுவனின் தந்தையுடைய கைப்பேசி எண்ணை நாங்கள் வானில் வாசித்ததையும் அவர் கேட்டிருக்கிறார். மெல்லொலி நம் பேச்சுக்குப் பூட்டன்று. நம் காதில் வைத்த பஞ்சு. அயலார் காதில் அது எதையும் வைப்பதில்லை. இதைப் பெட்டியின்மேல் இரகசியம் என்ற பொருள்பட அச்சிடுவது, எனக்குத் தோன்றியவரையில், நேர்மையான செயல் அன்று.

ஆனால் பெரியவர் அதோடு நிற்கவில்லை. "நீங்கள் பேசாத இடைவெளியிலெல்லாம் இன்னொருவர், ஒரு பாட்டி மயங்கி விழுந்துவிட்டாள், ஸ்ட்ரெச்சர் அனுப்புங்கள் என்று மன்றாடிக்கொண்டே இருந்தாரே. நீங்கள் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லையே?" என்று கேட்டார்.

விசாரித்தேன். முதலுதவிக் குழு ஒன்று அதே முதற் சானலில், வேறொரு டோனோடு இயங்கியிருக்கிறது. அவர்களுடைய தொண்டர் அழைத்தபோது அந்த அலை எங்கள் கருவிகளுக்கும் வந்தது. சுருதி வேறு என்பதால் அவை வாய் திறக்கவில்லை. பாதை வெறுமையாக இருக்கிறது என்றெண்ணி நாங்கள் பொத்தானை அழுத்தினோம். இனித்தான் பௌதிகம் கொடுமையாகிறது. அதிர்வெண்ணைப் பண்பேற்றும் இவ்வகை வானொலியில் இரண்டு அலைகள் ஒருங்கே வந்தால், தெளிவாக வலுத்த அலை மற்றதை விழுங்கிவிடும். அவர்களுடைய ஸ்ட்ரெச்சர் எங்கள் மோர்ப் பந்தலுக்கு அருகில் இருந்தது. அங்கே எங்கள் அலையே வலியது. அவர்களுடைய கருவி எங்கள் அலையைப் பிடித்துக்கொண்டு, சுருதி பொருந்தவில்லை என்று மௌனமாயிற்று. அழைத்தவர் குரலும் இல்லை, இரைச்சலும் இல்லை. இரைச்சல் கேட்டிருந்தாலாவது ஏதோ கோளாறு என்று ஐயம் தோன்றியிருக்கும். கடைசியில் ஓர் இளைஞர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து சொன்ன பிறகுதான் ஸ்ட்ரெச்சர் போயிற்று. மூதாட்டி பிழைத்துக்கொண்டார். எத்தனை நிமிடங்கள் வீணாயின என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் எழவில்லை.

கருவியைக் குறை சொல்ல இடமில்லை. பிறர் அலை வரும்போது நெற்றியில் ஒரு சிறு விளக்கு எரிகிறது. குரல் கேட்காவிட்டாலும் எரியும். பக்கத்திலுள்ள பொத்தான் ஒன்றை அழுத்திப் பிடித்தால் டோன் காவலை விலக்கிவிட்டுப் பாதையில் உள்ள எல்லாவற்றையும் கேட்கலாம். பாதையில் பிறர் இருந்தால் நம்மைப் பேசவிடாமல் தடுக்கும் அமைப்பும் பல கருவிகளில் உண்டு. இவையெல்லாம் கைநூலில் இருந்தன. நான் டோன் பக்கத்தை மட்டும் படித்தவன். முப்பது ஆண்டுகள் மாணவர்களைப் பாடம் முழுவதும் படியுங்கள் என்று கடிந்துகொண்டவனும் நானே.

இப்போது உற்சவத்துக்கு முந்திய நாள் மாலை எல்லாத் தொண்டர் குழுக்களும் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். முதலுதவிக்கு ஐந்தாம் சானல். அதில் டோன் கிடையாது, யார் அழைத்தாலும் கேட்க வேண்டும். மோர்ப் பந்தலுக்குப் பதினோராம் சானல். பெயர், கைப்பேசி எண் முதலியவற்றை வானில் சொல்வதில்லை, ஆளை அனுப்புகிறோம். பேசுமுன் விளக்கைப் பார், பொத்தானை அழுத்திக் கேள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் செய்து காட்டச் சொல்கிறோம். சானல் பட்டியலைப் பழைய ஜக்கார்டு அட்டையின் பின்புறத்தில் எழுதி, கருவிக்கு ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். அட்டைகளைத் தருபவர் அந்த முதிய நெசவாளரே. திண்ணையும் அவருடையதுதான். பேரனுடைய கருவியையும் கூட்டத்துக்குக் கொண்டுவந்து, நாங்கள் பேசுவது அதில் எப்படிக் கேட்கிறது என்று ஒவ்வொரு முறையும் எங்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்.