பதினான்கு வயதில் மூடப்படும் கதவு

(நூலகப் பணியாளர்களும் மாணவர், இளைஞர் அரங்கத் தோழர்களும் பங்கேற்ற பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வளரிளம் பருவத்தினருக்கு நூலகம் என்ன தர வேண்டும் என்பது எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள். அதற்குள் நுழையுமுன் இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலாவது, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு நூலகம் இருக்க வேண்டும். அதில் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்கள் இருக்க வேண்டும் என்று அதன் அட்டவணை கூறுகிறது. நல்ல விதிதான். ஆனால் அந்தச் சட்டத்தின் வீச்சு 6 வயதிலிருந்து 14 வயது வரை. எட்டாம் வகுப்போடு அது முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016-இல் அதைத் திருத்தியபோது 14 முதல் 18 வயது வரையுள்ளோரை ‘வளரிளம் பருவத்தினர்’ என்று தனியே வரையறுத்தார்கள். எதற்காக? சுரங்கம், வெடிபொருள் முதலான ஆபத்தான தொழில்களில் மட்டும் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று சொல்வதற்காக. மற்ற தொழில்களில் சேர்க்கலாம் என்பதே அதன் பொருள். ஆக, அந்த வயதினரை வாசகராகவோ மாணவராகவோ சட்டம் காணத் தவறுகிறது. உழைப்பாளியாக மட்டும் துல்லியமாகக் கண்டுகொள்கிறது. பட்டறைக்குப் போகும் கதவு திறக்கும் அதே வயதில் நூலகத்தின் கதவு மூடிக்கொள்வது தற்செயல் அன்று.

இது சிறு கூட்டத்தின் பிரச்சினையும் அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 10 முதல் 19 வயது வரையுள்ளோர் ஏறத்தாழ 25 கோடிப் பேர்.

பொது நூலகத்தில் இவர்களின் இடம் எது? நம்மில் பலர் கண்ட காட்சிதான். குழந்தைகள் பகுதியில் வண்ணப்படக் கதைகள் இருக்கும். அந்த நாற்காலிகள் இவர்களின் கால்களுக்குப் போதா. பெரியவர் பகுதிக்குப் போனால், ‘இங்கே உனக்கென்ன வேலை’ என்ற பார்வை வரவேற்கும். எஞ்சியிருப்பது போட்டித் தேர்வு வழிகாட்டிகள் அடுக்கிய அலமாரி. வேலையற்ற இளைஞர்கள் காலை முதல் இரவுவரை வாசிப்பறையில் அமர்ந்து அந்த நூல்களை மனனம் செய்வதை நான் பழிக்க மாட்டேன். வேலை தராத அரசு, அவர்களுக்கு மின்விசிறியும் மேசையும் உள்ள ஓர் அறையையாவது தரட்டும். ஆனால் பதினைந்து வயதுச் சிறுமி முதன்முதலாக நூலகத்துக்குள் வந்து, நூல் என்றாலே தேர்வு என்று கற்றுக்கொண்டு திரும்புவாளானால், நாம் ஒரு வாசகரை வாழ்நாள் முழுமைக்கும் இழந்துவிட்டோம்.

இங்கே ஒரு சிறு விலகலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இந்த வயதைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களை ஏழாகப் பகுத்து, பெதும்பை, மங்கை, மடந்தை என நுட்பமாக வேறுபடுத்துகின்றன. ஆண்மகனைச் சுட்டும் ‘விடலை’ சங்கப் பாடல்களில் வீரமும் பெருமிதமும் உடைய சொல். இன்று ‘விடலைப் பையன்கள்’ என்றால் பேருந்துப் படியில் தொங்குகிறவர்கள் என்றாகிவிட்டது. ஒரு சமூகம் தன் இளையோரைப் பார்க்கும் பார்வை மாறியதை இந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது.

சரி, வழி உண்டா? உண்டு. கேரளத்தைப் பார்க்க வேண்டும். 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டித் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தை உருவாக்கினார் பி.என். பணிக்கர். ஊர் ஊராக நடந்து, வீடு வீடாக நூல் கேட்டு வளர்த்த இயக்கம் அது. ‘வாசித்து வளர்க’ என்பது அதன் முழக்கம். 1975-இல் கேரள நூலகச் சங்கத்துக்கு யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருது கிடைத்தது. லெனினின் துணைவியாராகவே பலரும் அறிந்த குரூப்ஸ்கயா, சோவியத் நூலக அமைப்பைக் கட்டியவர்களில் முதன்மையானவர் என்பதை நம் தோழர்களே சில வேளை மறந்துவிடுகிறோம். பிறகு 1989-இல் கேரளப் பொது நூலகச் சட்டம் வந்தது. உள்ளாட்சி வரியோடு நூலக வரியும், தேர்ந்தெடுக்கப்பட்ட நூலக மன்றமும் வந்தன. மக்கள் கட்டிய நூலகத்துக்கு மக்கள் பணமே அரசின் வழியாகத் திரும்பி வருகிற ஏற்பாடு இது. இந்த இரண்டில் ஒன்று இல்லாத இடங்களில், ஆர்வம் மட்டும் உள்ள நூலகம் ஐந்தாண்டில் ஓய்ந்துவிடுகிறது; பணம் மட்டும் உள்ள நூலகம் பூட்டிக் கிடக்கிறது.

நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையவை அங்கே மூன்று. ஒன்று, அந்த ஊரக நூலகங்களில் பெரும்பாலானவை மாலையில் திறப்பவை. பகலெல்லாம் பட்டறையில் நிற்கிற பையனுக்குக் காலை பத்து மணி நூலகம் எதற்கு? மற்றொன்று, நூலகப் பணியாளரான பெண்கள் வீடுகளுக்கே நூல்களைக் கொண்டு செல்லும் திட்டம். பூப்பெய்திய பின் வெளியே அனுப்பப்படாத பெண்ணுக்கும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட பெண்ணுக்கும் நூலகம் வாசலுக்கு வருகிறது. இதை அங்கே பெண்களுக்கான திட்டமாகத்தான் அறிவித்தார்கள். ஆனால் என் கணிப்பில், வளரிளம் பெண்களுக்கு நாட்டில் கிடைத்த சிறந்த நூலகச் சேவைகளில் அதுவும் ஒன்று.

மூன்றாவது, நூல்களைப் பற்றியது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் அறிவியல் இதழ்களை வாசகரின் வயதறிந்து பிரித்தது. ‘சாஸ்திரகதி’ பெரியவர்களுக்கு, 1969-இல் தொடங்கிய ‘சாஸ்திரகேரளம்’ உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, 1970-இல் வந்த ‘யுரீக்கா’ அவர்களுக்கும் இளையோருக்கு. பதினைந்து வயது என்பது தனியான வாசிப்பு நிலை என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்த மக்கள் இயக்கம் அது. சோவியத் பதிப்பகங்களும் நமக்கு அதைச் செய்தன. பெரெல்மானின் இயற்பியல் நூல்கள் மலிவு விலையில் இந்திய மொழிகளில் கிடைத்தன. 1991-க்குப் பின் அந்த ஊற்று வறண்டது. அந்த இடத்தைத் தனியார் பதிப்புச் சந்தை ஆங்கிலம் வாசிக்கும் நகரத்து நடுத்தர வர்க்கப் பிள்ளைகளுக்கு மட்டுமே நிரப்பியது.

இடுக்கி மாவட்டத்தின் இடமலக்குடி, முதுவான் பழங்குடி மக்கள் வாழும் காட்டுப் பஞ்சாயத்து. அங்கே ஒரு முதியவர் தம் தேநீர்க் கடையிலேயே சுமார் 160 நூல்களை வைத்து இரவல் கொடுத்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த நூல்களுள் சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் ஒன்று. திருமணத்தின்போது கண்ணகிக்கு வயது பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. இன்றைய கணக்கில் இருவரும் வளரிளம் பருவத்தினர்! செவ்விலக்கியம் அவர்களுக்குக் கடினம் என்று அலமாரியைப் பூட்டி வைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

கர்நாடகத்தில் 2020-இல் ‘ஓதுவ பெளகு’ என்ற இயக்கத்தைத் தொடங்கி, 6 முதல் 18 வயது வரையுள்ளோரைக் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் கட்டணமின்றி உறுப்பினராக்கினார்கள். ‘வாசிப்பின் ஒளி’ என்பது பொருள். தமிழில் ‘ஓதுதல்’ பெரும்பாலும் வேதத்துக்கும் திருமுறைக்கும் ஒதுங்கிவிட்டது. கன்னடத்தில் அது இன்றும் எல்லாருடைய வாசிப்புக்கும் உரிய சொல். இங்கே 14 என்ற எல்லையை 18-க்கு நகர்த்தியதுதான் முக்கியம்.

இனி ஒன்றிய அரசுக்கு வருவோம். 2023-24 நிதிநிலை அறிக்கையில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான தேசிய மின்னணு நூலகம் அறிவிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் என்பதால் எனக்கு வினைச்சொற்களில் கண் போகும். மின்னணு நூலகம் ‘அமைக்கப்படும்’ என்றது அறிக்கை. பஞ்சாயத்து, வார்டு அளவில் கட்டடத்தோடு கூடிய நூலகங்களை அமைக்க மாநிலங்கள் ‘ஊக்குவிக்கப்படும்’ என்றது. அமைப்பதற்கும் ஊக்குவிப்பதற்கும் இடையே உள்ள தொலைவுதான் ஒதுக்கப்படாத பணத்தின் அளவு. அரசியல் சட்டப்படி நூலகம் மாநிலப் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் வரி வருவாயை மையத்தில் குவித்துக்கொண்டு பொறுப்பை மட்டும் மாநிலத்துக்குத் தள்ளுவதற்கு அது சாக்காகக் கூடாது.

2024 பிப்ரவரியில் அந்த மின்னணு நூலகம் தொடங்கப்பட்டது. நூல்கள் நான்கு வயதுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டு, 14 முதல் 18 வரை தனிப் பிரிவாக இருப்பதை வரவேற்கிறேன். பல மொழிகளில் இருப்பதும் நல்லதே. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி. அது தந்தையின் சட்டைப்பையில் வேலைக்குப் போகிறது. மாலையில் திரும்பினால் முதலில் அண்ணன் கைக்கும், கடைசியாகத் தங்கை கைக்கும் வரும். அந்தக் கைப்பேசியில் மின்னணு நூலகம் தேடினால்தான் கிடைக்கும். வெறுப்பைப் பரப்பும் காணொளி தேடாமலே வந்து சேரும். நூலகத்தில் யாரும் அமராத நாற்காலியில் யார் வந்து அமர்கிறார்கள் என்பதை வட மாநிலத் தோழர்களிடம் கேளுங்கள்.

இதற்கு மாற்றாக நிற்கக்கூடியவர் நூலகர் என்ற மனிதர்தான். லாகூர் தேசியக் கல்லூரி மாணவராக இருந்த பகத் சிங்குக்குத் துவாரகதாஸ் நூலகம் வாய்த்தது. அவருடைய நூற்பசிக்குத் தீனி போட்ட நூலகர் ராஜாராம் சாஸ்திரி, பின்னாளில் அதைப் பதிவு செய்துள்ளார். இன்று எத்தனை நூலகருக்கு ஓர் இளைஞன் என்ன படிக்கிறான் என்று கவனிக்க நேரமிருக்கிறது? பணியிடங்கள் காலி, இருப்பவர்களில் பலர் மதிப்பூதியத்தில். முறையான ஊதியத்துக்கான நூலகப் பணியாளரின் போராட்டமும் வளரிளம் பருவத்தினரின் வாசிப்பு உரிமையும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள்.

அலமாரியில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். உடலைப் பற்றிக் கூச்சமின்றிச் சொல்லும் நூல்கள், சாதியைப் பற்றி மழுப்பாமல் சொல்லும் நூல்கள், அம்பேத்கர், பகத் சிங், நல்ல துப்பறியும் கதைகள், விளையாட்டு, சித்திரக்கதை. ஆம், துப்பறியும் கதைகள் கட்டாயம் வேண்டும். நம் தோழர்கள் நூல் தேர்வு செய்தால் அலமாரி முழுவதும் சிவப்பு அட்டையாக இருக்கும், எடுக்கத்தான் ஆளிருக்காது. எனவே தேர்வுக் குழுவில் பதினைந்து வயதினர் இருவராவது இருக்கட்டும். அவர்கள் எடுத்த நூல் எது என்பதைப் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ நூலகர் சொல்லக் கூடாது என்பதும் விதியாகட்டும். தன் உடலைப் பற்றிய நூலை எடுத்த பெண்ணின் பெயர் ஊருக்குள் பேசப்பட்டால், அடுத்த வாரம் அந்த அலமாரிப் பக்கம் எந்தப் பெண்ணும் வரமாட்டாள்.

அடுத்த அமர்வுக்கு முன் உங்களிடம் ஒரு படிவம் தரப்படும். உங்கள் பகுதி நூலகத்தில் 13 முதல் 18 வயது வரை உறுப்பினர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், மாலை ஆறு மணிக்குப் பின் திறந்திருக்கிறதா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, திரும்பும் வழியில் தெருவிளக்கு எரிகிறதா, கடைசியாக நூல் வாங்கியது எந்த ஆண்டு. இவ்வளவே கேள்விகள். விடைகளைத் தொகுத்து உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களிடம் கொடுப்பதிலிருந்து தொடங்குவோம். படிவம் இப்போது இந்தியில் இருக்கிறது. தமிழ்ப் பிரதியை நாளைக் காலைக்குள் நான் தந்துவிடுகிறேன். மலையாளம், வங்காளம் தெரிந்த தோழர்கள் இன்று மாலை என்னை வந்து பாருங்கள்.