கற்றுத் தருவது களமே!

(தலைப்பு: பழைய கட்டடங்களைக் காக்கும் கலையைக் கட்டடக்கலை மாணவர்க்குப் பெரிதும் கற்றுத் தருவது வகுப்பறையா? களமா? ‘களமே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

    

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் என்ன சொன்னார்? ‘எல்லாம் புத்தகத்திலேயே இருக்கு, இப்போ கம்ப்யூட்டரிலேயே ஒரு பழைய வீட்டைச் சுத்திச் சுத்திப் பார்க்கலாம்’ என்றார். பார்க்கலாம் அம்மா! ஆனா கம்ப்யூட்டர்ல இருக்கிற வீடு ஒழுகாதே! (சிரிப்பு) நம்ம வீடு ஒழுகுதே!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று பெரியவங்க சொல்லி வச்சாங்க. கட்டின வீட்டைப் பழுது பார்த்துப் பார்னு ஏன் சொல்லலே? சொல்லியிருந்தா ஒருத்தனும் வீடே கட்டியிருக்க மாட்டான்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, புதுக் கட்டடம் கட்டுவது வேறு, பழைய கட்டடத்துக்கு வைத்தியம் பார்ப்பது வேறு. புதுக் கட்டடத்தில் நாம சொல்றோம், சுவர் கேட்கும். பழைய கட்டடத்தில் சுவர் சொல்லும், நாமதான் கேட்கணும். நோயாளியையே பார்க்காத டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்குவீங்களா?

நான் கட்டடக்கலை சொல்லித் தருகிற வாத்தியார். மாணவர்களைக் கூட்டிக்கிட்டு ஒருமுறை செட்டிநாட்டுப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குப் போனேன். முதல் வேலை, ஒரு அறையை அளந்து வரைய வேண்டும். நாலு பக்கமும் அளந்தாங்க. ராத்திரி உட்கார்ந்து வரைஞ்சா, அறை மூடவே இல்லை! ஒரு மூலை மட்டும் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. (சிரிப்பு) ஏன்? வகுப்பறையில் எல்லா மூலையும் தொண்ணூறு டிகிரி. அந்த வீட்டு மூலைக்கு அது தெரியாதே! மறுநாள் மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடிச்சாங்க, தூக்குக்குண்டு போட்டாங்க. அப்பதான் தெரிஞ்சது, ஒரு சுவர் வெளிப்பக்கமா சாய்ஞ்சிருக்கு. சும்மா கண்ணால் பார்த்திருந்தா தெரியுமா? தெரியாது.

இன்னொன்று கேளுங்கள். இரண்டாங்கட்டுச் சுவரில் இடுப்பளவு ஈரம். பூச்சு பொரிஞ்சு பொரிஞ்சு விழுது. என்ன செய்யலாம்னு கேட்டேன். அத்தனை பேரும் ஒரே குரலில், ‘சிமெண்ட் பூசிடலாம் சார்!’ என்றார்கள். பக்கத்தில் நின்ற வயசான கொத்தனார் சிரிச்சார். ‘தம்பி, சிமெண்ட் பூசுனதாலதான் இந்தக் கதி. பின்னால வந்து பாருங்க’ என்றார்.

போய்ப் பார்த்தோம். ஓட்டுக்கூரைத் தண்ணி இறங்குற குழாயில் சருகு அடைச்சுக் கிடக்கு. மழைத்தண்ணி முழுக்கச் சுவரோரமே தேங்குது. அதுக்கு மேல யாரோ ஒரு புண்ணியவான் வெளிச்சுவர் முழுக்க சிமெண்ட் பூசி வச்சிருக்கார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் நடுவர் அவர்களே! உள்ளே போன ஈரம் பூச்சு வழியாவே வெளியேறி ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வாசலை அடைச்சிடுது. ஈரம் என்ன செய்யும்? மேலே ஏறும், இல்லேன்னா உள்பக்கமா வரும். கூடவே வர்ற உப்பு உறைஞ்சு படிகமாகி, பூச்சையும் செங்கலையும் பொடியாக்கிடும்.

இது புத்தகத்தில் இல்லையா? இருக்கு! பரீட்சையில் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கின பையன்தான் முதல்ல சிமெண்ட்னு சொன்னான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) ஏட்டுச் சுரைக்காய்னு சும்மாவா சொன்னாங்க?

சென்னையில் பழைய கட்டடங்களில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று ஒரு கூரை உண்டு. தேக்கு உத்தரங்களுக்கு மேலே சின்னச் செங்கலைக் குத்துக்கல்லா, குறுக்குச் சாய்வா அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பாங்க. அப்புறம் தட்டோடு. புத்தகத்தில் என்ன போட்டிருக்கு? ‘நன்றாக அடிக்க வேண்டும்.’ எவ்வளவு அடிச்சா நன்று? எப்போ நிறுத்தணும்? அது கொத்தனார் காதில் இருக்கு! கட்டை விழுற சத்தம் மாறும்போது அவர் கையைத் தூக்குவார். அந்தக் காதை எந்த நூலகத்தில் வாங்குவீர்கள்? அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்னாத்தான் நம்ம பிள்ளைக்கு அந்தக் காது வரும். அவர் போய்ட்டா, கூடவே அதுவும் போய்விடும்.

சுவரில் விரிசலா? குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதி வைப்பார்கள். கண்ணாடி உடைஞ்சா விரிசல் நகருது. உடையலேன்னா அது அநேகமா பழைய காயம். மழைக்காலம், வெயில்காலம் ரெண்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். வகுப்பறை தருவது நாற்பத்தைந்து நிமிஷம். விரிசலுக்கு அந்த மணி அடிக்கிறது கேட்குமா?

எதிரணியினர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வரலாறு, கணக்கு, சுண்ணாம்பின் வேதியியல் எல்லாம் வகுப்பறையில்தான் தொடங்கணும். சாரத்தில் ஏறுவதற்கு முன்னால் பாதுகாப்பும் அங்கேதான் சொல்லித் தரணும். ஆனால் தொடக்கம் வேறு, தேர்ச்சி வேறு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இந்தப் பிள்ளை நாளைக்கு ஒரு கையெழுத்துப் போடப் போகுது. ‘இந்தக் கட்டடம் ஆபத்தானது, இடிக்கலாம்’ என்ற கையெழுத்து. 1768இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை விழுந்தது. எரிஞ்சு நின்ன அந்தச் சுவரைப் பார்த்தா யாருக்கும் இடிச்சிடலாம்னுதான் தோணும். ஆனால் அதை மீட்டெடுத்தார்கள். அதிலே தேசிய பசுமைத் தீர்ப்பாயமே இயங்கியது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 1870களின் ‘மேரி’ கட்டடம் என்ன ஆச்சு? 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் முகம் பழசு, உடம்பு புதுசு! போன சுவர் போனதுதானே ஐயா?

கடைசியாக ஒன்று. அந்தச் செட்டிநாட்டு வீட்டில் குழாயைச் சுத்தம் செஞ்சோம். சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். சுவர் காயட்டும், அப்புறம் சுண்ணாம்பு பூசலாம்னு கொத்தனார் சொல்லிட்டார். கிளம்பும்போது அந்த வீட்டு ஆச்சி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ‘தம்பி, இதுவரைக்கும் வந்தவுக எல்லாரும் வாசல்ல நின்னு பார்த்துட்டு இடிச்சுருங்கன்னு சொல்லிட்டுப் போனாக. இந்தப் பிள்ளைகதான் சுவத்தத் தொட்டுப் பார்த்துச்சுக’ என்றார்கள். (நீண்ட கைதட்டல்)

தொட்டுப் பார்க்காத கை இடிக்கக் கையெழுத்துப் போடக் கூடாது. தொட்டுப் பார்க்கக் கற்றுத் தருவது களமே, களமே என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன்.