சிஎன்சி ரூட்டர் வாங்கப் போறீங்களா? உங்க ஷீட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "சின்னதா ஒரு ஜாப் ஒர்க் ஷாப் போடலாம்னு இருக்கேன், எந்த சிஎன்சி ரூட்டர் வாங்கலாம்?" இன்னைக்கு நான் எந்த மெஷின் பெயரும் சொல்லப் போறதில்ல. அந்த மெஷின் மேல தினமும் என்ன ஏறப் போகுதுன்னு முதல்ல நீங்க சொல்லணும். அதை வச்சுத்தான் மத்ததெல்லாம்.

நான் செஞ்ச தப்பையே சொல்றேன். என் முதல் மெஷின் இரண்டடிக்கு மூணடி. விலை கட்டுப்படியாச்சு, கடை ஷட்டருக்குள்ள நுழைஞ்சது, வாங்கிட்டேன். அதுக்காக அம்மாவோட வளையல் அடகுல இருந்தது. கடை திறந்த வாரமே ஒரு இன்டீரியர் கான்ட்ராக்டர் வந்தார். பூஜை ரூம் கதவுக்கு ஜாலி டிசைன், ஆறடி உயரம். பலகையைப் பாதி வெட்டி, நகர்த்தி வச்சு, மீதியை வெட்டினேன். டிசைன் சேர்ற இடத்துல ஒரு மில்லிமீட்டர் விலகிடுச்சு. கேட்க சின்னதாத்தான் இருக்கும். ஆனா கதவுல அது பளிச்சுன்னு தெரியும். அவர் அப்புறம் வரவே இல்ல.

அதனால முதல்ல அளவு. நம்ம ஊர்ல பிளைவுட், எம்டிஎஃப் எல்லாம் பெரும்பாலும் எட்டுக்கு நாலு ஷீட், அதாவது 2440க்கு 1220 மில்லிமீட்டர். கடைக்காரங்க '1325' மெஷின்னு சொல்றது 1300க்கு 2500. முழு ஷீட் அப்படியே உட்காரும். கதவு, வார்ட்ரோப், ஜாலி வேலைன்னா இதுதான் வேணும். அக்ரிலிக் எழுத்து, பெயர்ப் பலகை, ஷீல்டு மட்டும்தான்னா சின்ன மெஷினே போதும். மெஷினைச் சுத்தி நடக்கவும் ஷீட் ஏத்தி இறக்கவும் இடம் இருக்கான்னும் அளந்து பாருங்க.

அடுத்தது ஸ்பிண்டில். "24,000 ஆர்பிஎம் சார்"னு விற்கிறவர் பெருமையா சொல்வார். சுத்துற வேகம் மட்டும் வேலையை முடிக்காது. பிட்டோட ஒவ்வொரு முனையும் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் சீவல் எடுக்கணும். டபுள் ஃப்ளூட் பிட், 18,000 ஆர்பிஎம், நிமிஷத்துக்கு 3.6 மீட்டர் ஃபீடுன்னா ஒரு முனைக்கு 0.1 மில்லிமீட்டர் வரும். மெஷின் ஆடுதேன்னு ஃபீடை ஒரு மீட்டருக்குக் குறைச்சீங்கன்னா 0.03 கூட வராது. அப்போ பிட் சீவாது, உரசும். மரம் கருகும், அக்ரிலிக் உருகி பிட்லயே ஒட்டிக்கும். அதனால ஸ்பிண்டில் எத்தனை கிலோவாட்னு கேட்கிறதுக்கு முன்னாடி ஃபிரேமைக் கையால தள்ளிப் பாருங்க. எடை இல்லாத ஃபிரேம்ல எவ்வளவு பெரிய ஸ்பிண்டில் போட்டாலும் வேகமா ஓட்ட முடியாது.

ஷீட்டைப் பிடிச்சு வைக்கிறது இன்னொரு விஷயம். வேக்குவம் பெட் வசதிதான், ஷீட் போட்டு ஸ்விட்ச் தட்டினா போதும். ஆனா 0.7 பார் வேக்குவம் ஒரு சதுர சென்டிமீட்டரை ஏழு நியூட்டன் விசையிலதான் அழுத்தும். ஒரு அடி சதுரத் துண்டு அசையாது. மூணு சென்டிமீட்டர் எழுத்தோ பிட் தொட்டதும் பறக்கும். சின்னத் துண்டு வேலை அதிகம்னா கிளாம்ப் போடுற டி-ஸ்லாட் பெட்டே போதும், வேக்குவம் பம்ப்புக்கான கரண்ட் பில்லும் மிச்சம். பெரிய பம்ப்புக்கு மூணு ஃபேஸ் லைன் வேணும். கடையில அது இருக்கான்னு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடியே பாருங்க.

டஸ்ட் கலெக்டரை "அப்புறம் வாங்கிக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் உறுதியா வகைப்படுத்தியிருக்கு. அதை மூச்சுல இழுக்கப் போறது நீங்களும் உங்ககிட்ட வேலை பார்க்கிற பையனும்தான்.

இப்போ டெமோ. விற்கிறவர் காட்டுற பிள்ளையார் படத்தைப் பார்த்துட்டு வந்துடாதீங்க. உங்க ஷீட், உங்க ஃபைலை எடுத்துட்டுப் போங்க. ஒரு மீட்டர் சதுரம் வெட்டச் சொல்லி இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால அளங்க. சமமா இல்லைன்னா அச்சு கோணலா இருக்கு. 100 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி வெர்னியர்ல நாலு பக்கமும் பாருங்க, லூஸ் இருந்தா அங்கே தெரியும். ஒரு மணி நேரம் ஓட விட்டு ஜீரோவுக்குத் திரும்பச் சொல்லுங்க. சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் நடுவுல ஸ்டெப் விட்டாலும் கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஜீரோ நகர்ந்திருந்தா மெஷின் உங்களைக் காட்டிக் கொடுக்காம, தன்னையே காட்டிக் கொடுத்துடும்.

கடைசியா கணக்கு. உதாரணத்துக்கு தவணை 20,000, சம்பளம் 20,000, வாடகை, கரண்ட், பிட் எல்லாம் சேர்த்து 20,000னு வைங்க. மாசம் 60,000. மெஷின் எட்டு மணி நேரமும் வெட்டாது. ஷீட் மாத்துறது, ஃபைல் சரி பண்றது போக நாலு மணி நேரம் ஓடினாலே நல்லது. 25 நாளைக்கு 100 மணி நேரம். அப்போ மணிக்கு 600 ரூபாய் வந்தாத்தான் கை கடிக்காது. உங்க ஏரியால அந்த ரேட் கிடைக்குமான்னு நாலு கார்பென்டர்கிட்ட கேளுங்க. கிடைக்காதுன்னா இப்போதைக்கு ஆர்டர் பிடிச்சு, வேற ஷாப்ல வெட்டிக் கொடுங்க. ஆறு மாசத்துல உங்களுக்கு எந்த அளவு ஷீட், எந்த வேலை வருதுன்னு தெரிஞ்சுடும்.

நான் அதை முதல்ல செஞ்சிருந்தா அம்மா வளையல் ஒரு வருஷம் முன்னாடியே வீட்டுக்கு வந்திருக்கும். உங்க கடைக்கு என்ன வேலை வருதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பிட் பத்திப் பேசலாம்.