ஞாயிற்றுக்கிழமை பசிக்காதா?



குழந்தை பிறந்துவிட்டால் பெண்ணுக்கு வேலையில் கவனம் போய்விடும் என்கிறார்கள். நம் பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு ஐ.டி. கம்பெனியிலும் இந்தப் பேச்சு உண்டு. பீன்யா கார்மென்ட்ஸிலும் உண்டு. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்துத் தைக்கிறவள், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால், கவனம் பக்கத்து வீட்டில்தானே இருக்கும்? குழந்தையைக் கூப்பிடு தூரத்தில் வையுங்கள், கவனம் தானாக ஊசிக்கு வரும்.

பிள்ளை பெற்றவளின் வேலைத்திறன் பற்றிய இந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் 1977லேயே பார்த்துவிட்டது. கோவை தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கு அது. தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேறுகாலத் தொகையில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டது நிர்வாகம். அன்று வேலை இல்லை, அதனால் கூலியும் இல்லையாம். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஞாயிற்றுக்கிழமை பசிக்காதா, ஐயா? வாரத்துக்கு ஏழு நாளும் கணக்கிட்டுக் கொடு என்றது உச்ச நீதிமன்றம். அதற்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். தாய் இழந்த தெம்பை மீட்க வேண்டும், பிள்ளைக்குப் பாலூட்ட வேண்டும், பழைய திறமை குறையாமல் வேலை செய்ய வேண்டும். இரக்கத்தோடு நிற்காமல், வேலைத்திறனையும் சேர்த்து எழுதிய தீர்ப்பு!

பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில், முதல் இரண்டு பிரசவங்களுக்கு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 50 பெண்கள் என்று சட்டம் சொல்லவில்லை, 50 பேர் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் விடுப்புச் சம்பளம் முழுவதையும் முதலாளி தலையில் கட்டியது. தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு நாள்கூடத் தரவில்லை. மத்திய அரசு ஊழியராக இருந்தால் அவருக்கு 15 நாள் உண்டு. இதன் பலன் என்ன? நேர்முகத் தேர்வில் பெண்ணிடம் மட்டும், "கல்யாணம் எப்போது?" என்று கேட்கிறார்கள்.

இங்கே வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வேலைக்குப் போகும்போது சம்பளத்தைப் பேசி முடித்த கையோடு, "காப்பகம் எங்கே இருக்கிறது, அப்பாவுக்கு எத்தனை நாள் லீவு?" என்று நீங்கள் கேளுங்கள்.